முப்பத்தொரு பேர், ஓர் அடுப்பு

சட்டத்துக்குக் கண் முளைத்தால் என்ன ஆகும் என்பதைப் புதுக்கொற்கை மாநகரத்து மக்கள் ஒரு வைகாசி மாதத்தில் தெரிந்துகொண்டார்கள்.

அதுவரை அங்கே சட்டம் காகிதத்தில்தான் இருந்தது. கடல் ஏறி வந்து கரையோர ஊர்களை விழுங்கிய பிறகு, எட்டுக் கல் உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட நகரம் அது. கட்டும்போதே அதை மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். கடைகளுக்கு ஒன்று, பட்டறைகளுக்கு ஒன்று, அடுக்குமாடிகளுக்கு ஒன்று. நடுவில், நல்ல தண்ணீரும் மரநிழலும் பள்ளிக்கூடமும் பெரிய ஆஸ்பத்திரியும் வாய்த்த இடத்தில் தனிமனை மண்டலம். அங்கே ஒரு மனைக்கு ஒரு வீடுதான் இருக்கலாம். இருக்கலாம் என்று எழுதி வைத்தார்களே ஒழிய, எவரும் போய் எண்ணவில்லை.

எண்ணாத புண்ணியத்தில் வாழ்ந்தவர்களுள் மரகதவல்லி ஒருத்தி. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவள் தொழில். வயது முப்பத்தெட்டு. கணவன் சரக்குக் கப்பலில் பத்து மாதம், வீட்டில் இரண்டு மாதம். செண்பகத் தெருவில் பதினேழாம் எண் மனையில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் அவளுக்குச் சொந்தம்போல இருந்தன. மனைக்கு உண்மைச் சொந்தக்காரர் வேதமுத்து அண்ணாச்சி, ஓய்வுபெற்ற கப்பல் என்ஜினியர். கடல் வந்த ஆண்டில் போக்கிடம் இல்லாமல் நின்ற ஏழு குடும்பங்களை அழைத்துவந்து, தம் இருபது சென்ட் மனையில் ஆளுக்கொரு கூரை போட்டுக் கொடுத்தவர். அவரும் அந்த ஏழில் ஒன்றான ஜெயசீலியின் குடும்பத்தோடுதான் சாப்பிட்டார். ஒன்பது ஆண்டுகளாக ஏழு அடுப்புகள் எரிந்தன. முப்பத்தொரு பேர் உண்டார்கள்.

அந்த வைகாசியில் தெருமுனைதோறும் ஒரு கம்பம் நட்டார்கள். அதன் உச்சியில் கூஜா அளவில் வெள்ளைத் தலை ஒன்று மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது. அரசு வைத்த பெயர் அடுப்புமானி. எல்லார் சமையலறையையும் எட்டிப் பார்த்ததால் ஊர் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, மண்டல ஆய்வாளர் திருமலைக்கொழுந்து கையில் ஓர் அறிவிப்போடு பதினேழாம் எண் மனைக்குள் வந்தார். மெலிந்த மனிதர். கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்களுக்கு இயல்பாக வரும் மரியாதை அவரிடம் கூடுதலாகவே இருந்தது. முற்றத்தில் நின்று அறிவிப்பை உரக்கப் படித்தார். மனை எண் பதினேழு, அடுப்பு ஏழு. நாற்பது நாள் கெடு. அதற்குள் ஆறு அணைந்து, தொடர்ந்து முப்பது நாள் ஒன்றே எரிய வேண்டும். அணையாவிட்டால் கட்டடம் அகற்றப்படும். குடியிருப்போர் வெள்ளைமேட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

வெள்ளைமேடு எழுபது கிலோமீட்டர் தொலைவு. மாற்று வீடுகள் அங்கே வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வேலை மட்டும் இல்லை. மரகதவல்லியின் தொழில் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு. யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் கால் மணி நேரத்துக்குள் அவள் அங்கே நிற்க வேண்டும். வெள்ளைமேட்டுக்குப் போன அன்றைக்கே உரிமம் போய்விடும். பெரிய ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கும் ஜெயசீலிக்கும், கல்யாணங்களுக்குப் பிரியாணி வைக்கும் பீர்முகமது பாய்க்கும் அதே கதிதான்.

"சார், அந்தக் கம்பம் வேற எதையும் பாக்காதா?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"பாக்காதும்மா. ஆளை எண்ணாது. அறையை எண்ணாது. அடுப்பை மட்டும் எண்ணும்."

"அது ஏன் அடுப்பு?"

திருமலைக்கொழுந்துக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது. அறிவிப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். "சட்டம் எழுதும்போது வீடுன்னா என்னன்னு பதினோரு மாசம் சண்டை நடந்துச்சு. ஒருத்தர் கதவை எண்ணுங்கன்னார். ஒருத்தர் கக்கூஸை எண்ணுங்கன்னார். கடைசில ஒரு நீதிபதி எழுந்திரிச்சு, 'அண்ணன் தம்பி பிரிஞ்சுட்டாங்கங்கிறதை நம்ம ஊருல எப்படிச் சொல்லுதோம்? தனி அடுப்பு வெச்சுட்டாங்கன்னுதானே? ரேஷன் கார்டைப் பிரிக்கணும்னாலும் அடுப்பைத்தானே வந்து பாக்கான்? நாடு பூரா ஒத்துக்கிட்ட கணக்கு இருக்கும்போது நீங்க எதுக்கு மண்டையை உடைக்கீங்க?'ன்னார். அதோட முடிஞ்சுது."

"அப்ப ஒரே அடுப்புல எத்தனை பேரு தின்னாலும் ஒரு வீடுதானா?"

"நாலாம் விதி அப்படித்தான் சொல்லுது. 'ஓர் அடுப்பில் சமைத்து உண்போர் எத்தனை பேராயினும், தமக்குள் என்ன உறவினராயினும், ஒரு வீட்டாரே.' ஒரே மேடையில எத்தனை வாய் இருந்தாலும் அது ஒரு அடுப்பு." சொல்லி முடித்த பிறகுதான், தாம் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. மரகதவல்லியின் முகத்தைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே முற்றத்தை அடிகளால் அளந்துகொண்டிருந்தாள்.

லிஃப்டுக்கு உள்ளே நிற்பவர் யார், எவர் என்று தெரியாது. எடை மட்டும்தான் தெரியும். இருபது வருடமாக அதனோடு பழகியவளுக்கு அடுப்புமானியின் மனமும் எளிதாகப் புரிந்துவிட்டது. முப்பத்தொரு பேரும் அண்ணன் தம்பியா, அடுத்த மதமா, ஆகாத சாதியா என்று அந்தக் கம்பம் கேட்கப் போவதில்லை. கேட்கிறவர்கள் வேறு யார்? அவர்களேதான்.

அன்று மாலை வேப்பமரத்தடியில் கூட்டம். மரகதவல்லி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"முப்பது நாளுதானே? நோன்பு இருக்கோம்ல, அது மாதிரிதான். என்கிட்ட கல்யாண தேக்சா இருக்கு. அம்பது பேருக்குச் சோறு வேகும்" என்றார் பீர்முகமது பாய். அவருக்கு அப்போதே கை பரபரத்தது.

உலகம்மை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். முட்டை என்ற சொல்லைக்கூட வீட்டுக்குள் சொல்லவிடாத சைவம் அவள். "நல்ல யோசனைதான். ஆனா மீன் சட்டி வெச்ச வாயில என் சட்டி ஏறாது."

"அப்ப உன் சட்டியத் தலையில வெச்சுச் சூடாக்கிக்கிடு மைனி. அங்கதான் எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருக்கே" என்றாள் ஜெயசீலி.

மரத்தடி சிரித்தது. உலகம்மையும் சிரித்துவிட்டாள், சிரித்த பிறகு கோபத்தைத் தொடர்வது கடினம். இறுதியில் நேரம் பிரித்தார்கள். விடியலில் இருந்து ஆறரை மணி வரை சைவம். அதன்பின் மேடையை எவர் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக் கறுப்பாக்கலாம். உலகம்மைக்கு மேடையின் கோடியில் தனியாக ஒரு வாய். சுடுதண்ணீரும் காப்பியும்கூட அந்த மேடையில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு அடுப்புகளைப் பெயர்த்தெடுத்து அண்ணாச்சியின் கொட்டகைக்குள் அடுக்கினார்கள். ஏழாவது, முற்றத்து நடுவில் பத்தடி நீள மேடையாக எழுந்தது. அறிவிப்பு வந்த எட்டாம் நாள் காலை தெருமுனைக் கம்பத்தின் தலை திரும்பி, பதினேழாம் எண் மனையை ஒரு கணம் உற்றுப் பார்த்து, பச்சை விளக்கைக் காட்டியது. அடுப்பு ஒன்று. அன்று முதல் நாள் எண்ணத் தொடங்கினார்கள். முப்பது பச்சை விழுந்துவிட்டால் அறிவிப்பு தானாக ரத்தாகிவிடும் என்று திருமலைக்கொழுந்து எழுதியே கொடுத்திருந்தார்.

அந்த நாட்களைப் பற்றி மரகதவல்லி பிற்காலத்தில் எவரிடமும் பொய் சொன்னதில்லை. இனிமையாக இருந்தது என்று அவள் சொல்லமாட்டாள். எந்த வீட்டில் அரிசி தீர்ந்தது என்பது எல்லார்க்கும் தெரிந்தது. எவர் மூன்றாம் முறை சோறு வாங்கினார் என்பதை முப்பது பேர் பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்பது பெரும்பாலும் அடுப்படியில் மூண்டு அடுப்படியிலேயே அணைகிற நெருப்பு. அதை இப்போது முற்றத்தில், பாய் கரண்டியோடு நடுவர்போல நிற்கும்போது போட வேண்டியிருந்தது. உப்புப் பார்க்கும் உரிமைக்காக இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது. ஆனாலும் ஒவ்வொரு காலையும் அந்தப் பச்சை விளக்கைப் பார்க்க முப்பத்தொரு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். பத்து. பதினைந்து. இருபது. எண்ணிக்கை ஏற ஏற, பந்தயக் குதிரையைப் பார்க்கிறவர்கள்போல அவர்கள் கழுத்து நீண்டது.

இருபத்தேழாம் நாள் ஜெயசீலியின் தம்பி அந்தோணி கல்யாணம் முடித்துப் பெண்ணோடு வந்து சேர்ந்தான். காலை பத்து மணி. மஞ்சள் மாறாத அந்தப் பெண் வலது காலை எடுத்து வைத்து அறைக்குள் நுழைந்தாள். உலகம்மைதான் எல்லாவற்றையும் முன்னின்று செய்தாள். ஜெயசீலி மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி, உலகம்மை சைவம். அதெல்லாம் கல்யாணத்துக்குப் பொருந்தாது. புதுப்பெண் புகுந்த வீட்டில் பால் பொங்க வேண்டும். எந்த மதத்துக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

கொட்டகையிலிருந்து ஒரு சின்ன அடுப்பு வந்தது. யார் எடுத்து வந்தார்கள் என்று பிறகு விசாரித்தபோது நான்கு பேர் பெயர் வந்தது. அறை நடுவில் அடுப்பு. அதன்மேல் புதுப் பாத்திரம். கிழக்கே பொங்கினால் நல்லது என்று உலகம்மை சொல்ல, முப்பது தலைகள் வாசலிலும் சன்னலிலும் குனிந்து பார்த்தன. பால் மெல்ல எழும்பி, விளிம்பில் ஒரு நொடி நின்று, கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. குலவை எழுந்தது. மரகதவல்லியும் குலவை போட்டாள். அவள் குரல்தான் எல்லாரையும்விட உரக்க ஒலித்தது.

குலவை ஓய்ந்த இடைவெளியில்தான் பாய் வாசலைப் பார்த்தார். கம்பத்தில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஒருவருக்கும் நினைவில்லை என்பதுதான் விந்தை. இருபத்தாறு நாள் ஒரு வாய்த் தண்ணீரைக்கூடத் தனியாகச் சுடவைக்காத முப்பத்தொரு பேர், ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை மறந்து நின்றார்கள். பால் காய்ச்சுவதைச் சமையல் என்று அவர்களில் யாரும் நினைத்ததே இல்லை.

உலகம்மை அறைச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயே கெடுத்துட்டேனே" என்றாள்.

ஜெயசீலி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "விடு மைனி. பால் நல்லாத்தான் பொங்குச்சு."

அன்று பிற்பகல் திருமலைக்கொழுந்து வந்தார். எண்ணிக்கை அறுந்துவிட்டது, கெடு நாள் நெருங்கிவிட்டதால் புதிதாகத் தொடங்க இடமில்லை. வெள்ளிக்கிழமை பொது விசாரணை. அதில் முடிவு. சொல்லிவிட்டு அவர் கிளம்பவில்லை. பாய் கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு முற்றத்திலேயே நின்றார்.

வேதமுத்து அண்ணாச்சி ஒரு கதை சொன்னார். "ஒரு ராசா மாந்தோப்புக்குக் குருடனைக் காவல் வெச்சானாம். அணில் தின்னுச்சு, வழிப்போக்கன் தின்னான், தோப்பும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒருநாள் ஒரு வைத்தியன் வந்து குருடனுக்குக் கண்ணைத் திறந்துட்டான். மறுநாள் விடியக்காலம் காவக்காரன் ஒரு திருடனைக் கையும் களவுமாப் பிடிச்சான். போர்வைய விலக்கிப் பாத்தா, ராசா."

"ராசா எதுக்கு அண்ணாச்சி தன் தோப்புலயே திருடுதான்?" என்று கேட்டாள் ஜெயசீலி.

"அரண்மனைப் பழம் எல்லாம் கணக்குப் பழம். எண்ணித்தான் தருவான். அவனுக்கும் ஆசை இருக்கும்ல?"

எல்லாரும் சோர்வோடு சிரித்தார்கள். மரகதவல்லி சிரிக்கவில்லை. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகத் தெருவின் ஐம்பத்திரண்டு மனைகளில் பாதி வீடுகளில் உள்ளேயே சின்ன லிஃப்ட் உண்டு. அவற்றுக்கெல்லாம் எண்ணெய் போடுகிறவள் அவள். அந்த வீடுகளில் கீழே ஒரு சமையலறை, மேலே ஒரு சமையலறை. இரண்டிலும் எண்ணெய்ப் பிசுக்கு. சில வீடுகளில் லிஃப்ட் மாதக்கணக்கில் நின்ற தளத்திலேயே நின்றிருக்கும். ஏறவும் இறங்கவும் ஆளிருந்தும் எவரும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை.

"சார், எங்க அடுப்பை எண்ணுன கம்பம் எதுத்த வீட்டு அடுப்பை எண்ணலையா?"

திருமலைக்கொழுந்து தேநீரை விழுங்க மறந்தார். "எண்ணும். எல்லாத்தையும் எண்ணும். ஆனா புகார் வந்த மனையோட கணக்கை மட்டும்தான் வெளிய சொல்லும். மத்ததெல்லாம் மூடின ஏட்டுல கிடக்கும். அடுத்தவன் சமையலறை மானத்தைக் காப்பாத்தணும்னு வெச்ச விதி."

"அந்த ஏட்டைத் திறக்க வழியே கிடையாதா?"

"இருக்கு." அவர் குரல் உயர்ந்தது, அரசுப் பணியில் இத்தனை வருடம் யாரும் தொடாத ஒரு விதியை அவர் தொட்டுக்கொண்டிருந்தார். "ஒன்பதாம் விதி. பாதிக்கப்பட்டவங்க விசாரணையில எழுந்திரிச்சுக் கேட்டா, தெரு முழுசுக்கும் ஏட்டைப் படிச்சே ஆகணும். பாதிக்கு மேல மனைங்கள்ல கடைசி முப்பது நாளுல ஒண்ணுக்கு மேற்பட்ட அடுப்பு எரிஞ்சா, அந்தத் தெரு தனிமனை மண்டலமே கிடையாது. தானா பலகுடி மண்டலம் ஆயிரும். இருபது சென்ட் மனையில பத்து அடுப்பு வரைக்கும் வெச்சுக்கலாம். குறைஞ்ச வாடகைக்கு வீடு கட்டலாம், மாடி எடுக்கலாம். ஐம்பத்திரண்டுல இருபத்தேழு வேணும்." நிறுத்தினார். "ஒண்ணு குறைஞ்சாலும் போச்சு. அப்புறம் மேல்முறையீடு கிடையாது."

முற்றத்தில் அதுவரை இருந்த சோர்வு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆளாளுக்கு வீடுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம், ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாகக் காந்திமதி அம்மாள் அந்த மனைக்குள் கால் வைத்தார். பதினெட்டாம் எண் வீடு அவருடையது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், தனிமனைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். புகார் எழுதியவரும் அவர்தான். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைகிறது, சாக்கடை வழிகிறது என்று மூன்று பக்கம். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

மரகதவல்லி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நாளைக்கு நீ என்ன கேக்கப் போறேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "எங்க வீட்டுல எத்தனை பேருன்னு உனக்குத் தெரியும்ல?"

"மூணு பேரு. நீங்க, மகன், மருமக."

"அடுப்பு?"

"ரெண்டா இருக்கும்மா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"மூணு."

மரகதவல்லி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"நான் மேல. அவ கீழ. அவன் வெளிய வாங்கிட்டு வந்து, வராந்தாவுல சுடவெச்சுத் தனியாத் திங்கான். கம்பத்துக்கு அதுவும் அடுப்புதான். ஆறு வருஷமாச்சு." அந்த அம்மாளின் குரல் வங்கிக் கவுன்ட்டரில் பேசுவதுபோல நிதானமாகவே இருந்தது. "கல்யாணம், காதுகுத்து எதுன்னாலும் மூணு பேரும் ஒரே கார்லதான் போவோம். நான் நடுவுல உக்காந்து சிரிச்சுக்கிட்டே வருவேன். இந்தத் தெருவுக்கு எங்களைப் பத்தி அவ்வளவுதான் தெரியும். நாளைக்கு மைக்ல படிப்பாங்க. மனை எண் பதினெட்டு, ஆள் மூன்று, அடுப்பு மூன்றுன்னு."

"எங்க மனையையும் முத்தத்துல நின்னு உரக்கத்தாம்மா படிச்சாங்க."

காந்திமதி அம்மாள் அவளை நேராகப் பார்த்தார். "ஆமா. படிக்க வெச்சது நான்தான்." திரும்பிப் போய்விட்டார். போகும்போது கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

இதைக் கேட்டு மனை இரண்டுபட்டது. "நம்ம அடுப்பை எண்ணும்போது எவ வெக்கப்பட்டா? எனக்கு ஆஸ்பத்திரி வேலை போயிரும், அவுகளுக்குக் கௌரவம் போயிரும். ரெண்டும் ஒண்ணா?" என்றாள் ஜெயசீலி. "அடுத்தவ வீட்டு ஒட்டடையை அம்பலத்துல உதறித்தான் நமக்குக் கூரை வேணுமா?" என்றாள் உலகம்மை. இரண்டும் நியாயமாக இருந்ததுதான் மரகதவல்லியின் தொல்லை. முப்பத்தொரு பேர் இரவு எங்கே படுப்பார்கள் என்பது அவள் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று பேர் இத்தனை காலம் கட்டிக்காத்த சிரிப்பும் அதே நாக்கு நுனியில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மண்டலக் கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் பதினேழாம் எண் மனை. மறுபக்கம் செண்பகத் தெருவின் மற்ற ஐம்பத்தோரு மனை. செய்தி கசிந்திருந்தது. திருமலைக்கொழுந்தின் முன்னால் முத்திரையிட்ட, சாம்பல் நிற ஏட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. தெருக்காரர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியை எவரும் பார்க்கவில்லை.

"பாதிக்கப்பட்டோர் ஏதேனும் கோருகிறீர்களா?" என்றார் ஆய்வாளர்.

மரகதவல்லி எழுந்தாள். "ஏட்டைத் திறக்கச் சொல்லி நான் கேக்கலாமா சார்?"

"கேட்கலாம். உங்கள் உரிமை."

"எண்ணும் பேரும் இல்லாம, மொத்தம் எத்தனைன்னு மட்டும் படிக்க முடியுமா?"

"முடியாது. மனைவாரியாகப் படித்தால்தான் செல்லும்."

மரகதவல்லி பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். ஜெயசீலி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, மிகச் சிறிதாக, தலையை வேண்டாமென்று ஆட்டினாள்.

"அப்ப வேண்டாம் சார்" என்றாள் மரகதவல்லி. "சமையலறைக்குள்ள எட்டிப் பாத்தா எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். இவுங்களா மனசு வந்து சொன்னா சொல்லட்டும். இல்லேன்னா நாங்க வெள்ளைமேட்டுக்குப் போறோம்." உட்கார்ந்துவிட்டாள். பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"தானாகச் சொன்னால் கணக்கில் சேருமா?" என்று கேட்டார் காந்திமதி அம்மாள்.

"சேரும் அம்மா. உரிமையாளரின் ஒப்புதல் ஏட்டுக்குச் சமம்."

"எழுதிக்கொள்ளுங்கள். மனை எண் பதினெட்டு. மூன்று அடுப்பு."

அவருடைய மகன் தலையைக் குனிந்துகொண்டான். மருமகள் குனியவில்லை, மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள், புதிதாக ஒருவரைப் பார்ப்பதுபோல.

பிறகு கோடியில் ஒரு கிழவர் எழுந்தார். "நாப்பத்து மூணு. நான் தனியாத்தான் பொங்கித் திங்கேன். எழுதுங்க." அவர் குரலில் வெட்கத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. அதற்குப் பிறகு தடுக்க முடியவில்லை. ஆறாம் எண், இரண்டு. முப்பத்தொன்று, இரண்டு. "எனக்கும் தம்பிக்கும் பேச்சு கிடையாது, ஒன்பதாம் எண்" என்று ஒருவர் சொல்ல, "இப்பவாவது ஒத்துக்கிட்டியே" என்று தம்பி எதிர்வரிசையிலிருந்து சொன்னார். பத்து. பதினாறு. பதினேழாம் எண் மனையின் முப்பத்திரண்டு பேரும், புதுப்பெண்ணையும் சேர்த்து, விரல்விட்டு எண்ணினார்கள். இருபத்திரண்டு. இருபத்தைந்து. நெடுநேரம் கழித்து, கணவன் கையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்த ஓர் அம்மாளோடு இருபத்தாறு.

அங்கேயே நின்றது. ஆய்வாளர் மூன்று முறை கேட்டார். மீதி இருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு குறையுது" என்றாள் ஜெயசீலி. அவள் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

திருமலைக்கொழுந்து தம் முன்னிருந்த தாள்களைப் புரட்டினார்; ஒரு தாளில் நின்றார். அவர் காது சிவந்தது. "ஏற்கெனவே பகிரங்கமான பதிவு ஒன்று இருக்கிறது" என்றார். ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "மனை எண் பதினேழு. எண்ணிக்கையின் இருபத்தேழாம் நாள், காலை பத்து பத்துக்கு, இரண்டாம் அடுப்பு. ஆறு நிமிடம்."

பால்.

உலகம்மைக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் எழுந்து நின்று, கூடம் என்றும் பாராமல், இருபத்தேழு என்று விரலை நீட்டி ஆய்வாளருக்கே சொல்லிக்காட்டினாள். பிறகு எழுந்த இரைச்சலில் அவர் தீர்ப்பைப் படித்தது எவருக்கும் காதில் விழவில்லை. பாய் ஆய்வாளரைக் கட்டிப்பிடித்ததையும், அவர் அதை விதிமுறை மீறலாகக் கருதாததையும் எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் விடியலில் பதினேழாம் எண் மனையில் ஏழு அடுப்புகள் சட்டப்படி எரிந்தன. முற்றத்து மேடையை எண்ணி ஒருவரும் கண்ணீர் விடவில்லை. ஜெயசீலி தன் குழம்புக்குத் தன் உப்பைப் போட்டாள். உலகம்மை தன் அடுப்பைச் சாணமிட்டு மெழுகிக் கோலமும் போட்டாள். பாய் மட்டும் வழக்கத்தில் ஐம்பது பேருக்கு அரிசி களைந்துவிட்டு, தெரு முழுக்கக் கொடுத்தனுப்பினார்.

ஆவணி பிறந்ததும் காந்திமதி அம்மாளிடமிருந்து மரகதவல்லிக்கு அழைப்பு வந்தது. லிஃப்டை ஓடவைக்க வேண்டும். அது மேல்தளத்தில் நின்று ஆறு ஆண்டாகிறது. மேல்தளத்தைத் தடுத்து இரண்டு வீடாக்கியிருந்தார்கள். வெள்ளைமேட்டுப் பட்டியலிலிருந்து இரண்டு குடும்பங்கள், மாநகரம் விதித்த குறைந்த வாடகைக்கு, அடுத்த வாரம் வருகின்றன.

"உங்க சாமானெல்லாம்?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"மேல ஆளு வந்தா நான் கீழதானே போகணும்" என்றார் அந்த அம்மாள். ஓர் அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு சட்டி, ஒரு தோசைக்கல், ஓர் அஞ்சறைப் பெட்டி.

வடத்தை மாற்றி, மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, மதியத்துக்குள் மரகதவல்லி வேலையை முடித்தாள். முதல் ஓட்டத்துக்கு எடை வேண்டும் என்று காந்திமதி அம்மாளையே உள்ளே நிற்கச் சொன்னாள். லிஃப்ட் ஒரு முனகலோடு அசைந்து, கீழே இறங்கி நின்றது. கதவு திறந்தது.

எதிரே மருமகள் மீனலோசனி நின்றாள். கையில் ஈரத்துணி. பெட்டியைப் பார்த்தாள், உள்ளிருந்த தோசைக்கல்லைப் பார்த்தாள். மரகதவல்லி ஒரு திருகாணியைத் தேவையில்லாமல் முறுக்கினாள்.

"இங்க ஒரு அடுப்புக்குத்தான் இடம் இருக்கு, அத்தை" என்றாள் மீனலோசனி.

"தெரியும்" என்றார் காந்திமதி அம்மாள். "அளந்து பாத்துட்டுத்தான் மாடியை வாடகைக்கு விட்டேன்."